கைலிக் கட்டத்துக்கு யார் சொந்தக்காரர்?

கட்டம் போட்ட கைலி நெய்கிறவர் முதலில் எண்ணுகிறார், பிறகுதான் நெய்கிறார். சிவப்பு 24 இழை, கறுப்பு 8, வெள்ளை 4, மறுபடி கறுப்பு 8 என்று பாவில் ஒரு வரிசை ஓடுகிறது. ஊடையிலும் அதே வரிசை, அதே எண்ணிக்கை. இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும் இடத்தில் கட்டம் விழுகிறது. ஓர் எண் பிசகினால் கட்டம் நீண்டுவிடும், அல்லது சப்பையாகிவிடும். தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருப்பவரின் தலைக்குள்ளோ, பாவு ஓட்டுகிறவரின் துண்டுச் சீட்டிலோ இருக்கிற அந்த எண் வரிசைதான் டிசைன். நூல் விலைக்கு வாங்கியது. சாயம் விலைக்கு வாங்கியது. எண்ணுக்கு மட்டும் யாரும் காசு கொடுத்ததில்லை.

கடையநல்லூர் நெசவாளர்களின் ஊர். தென்காசியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு போனால் வருகிற ஊர். தறி சோறு போடாத காலத்தில் இங்கிருந்து கப்பலேறியவர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் காலூன்றினார்கள். 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினார்கள். 1946-ல் அங்கேயே, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியையும் கட்டினார்கள். கூலிக்குப் போனவர்கள் கோயிலோ பள்ளிவாசலோ கட்டுவது வழக்கம். பள்ளிக்கூடம் கட்டி அதற்குப் புலவர் பெயரை வைப்பது கொஞ்சம் அபூர்வம்.

நெசவுத் தெருவில் ஒரு புதுக் கட்டம் தலைகாட்டினால் என்ன ஆகும்? பக்கத்துத் தறிக்காரர் அந்தத் துணியை வாங்கி, ஓரத்தைப் பிரித்து, நகத்தால் இழையை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணிவிடுவார். அடுத்த பாவில் அந்தக் கட்டம் அவர் வீட்டிலும் இறங்கும். முதலில் யோசித்தவருக்கு முகம் கறுக்கும். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இருக்காது. ஆனால் அவர் வீட்டிலிருந்து ஒன்றும் தொலைந்துபோகவில்லை. அவருடைய 24-ம் 8-ம் 4-ம் அவரிடமே இருக்கின்றன. எடுத்த பிறகும் எடுக்கப்பட்டவரிடமே இருக்கிற பொருளை எடுப்பது திருட்டா? மதங்களும் தத்துவங்களும் சுற்றிவளைத்துப் பேசிய இந்தப் பழைய கேள்வி, இன்று மென்பொருள் என்ற வடிவத்தில் உயர் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் இருப்பது ரத்த உறவு. 1804-ல் பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளால் ஓடும் தறியை உருவாக்கினார். துளை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் இருக்கும் இடத்தில் கிடக்கும். பட்டுத் தறிகளின் தலைக்கு மேலே இன்றும் அவர் பெயரில் 'ஜக்கார்டு பெட்டி' தொங்குகிறது. அதே அட்டைகளைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்குத் திட்டமிட்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹொலரித் துளையட்டை உத்தியைப் பயன்படுத்தினார். உரிமை விஷயத்தில் பிரெஞ்சு அரசு செய்ததுதான் ருசியானது. 1806-ல் ஜக்கார்டு தறியைப் பொதுச் சொத்தாக அறிவித்துவிட்டு, அவருக்கு ஓய்வூதியமும் ஒவ்வொரு தறிக்கும் ஒரு தொகையும் தருவதென்று முடிவுசெய்தது. வழியை ஊருக்குத் திறந்துவிட்டார்கள், வழி போட்டவரின் வயிற்றையும் கவனித்தார்கள். இருநூறு வருஷம் கழித்தும் மென்பொருள் உலகம் இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்யத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் பெரிய மிகை இல்லை.

1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஒரு மாநாடு கூட்டியது. மென்பொருள் எழுதுவது ஏன் இவ்வளவு தாமதமாகிறது, ஏன் இவ்வளவு ஓட்டையாக இருக்கிறது என்பதுதான் அங்கே புலம்பல். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக் மக்கில்ராய் எழுந்து ஒரு யோசனை சொன்னார். வண்டி செய்கிறவர் நட்டையும் போல்ட்டையும் தானே வார்ப்பதில்லை, கடையில் வாங்குகிறார். மென்பொருளுக்கும் அப்படி உதிரிப்பாகக் கடை வேண்டும். சைன் கணக்கிடும் ஒரு சின்னத் துண்டு நிரலை அவர் எடுத்துக்காட்டினார். அதிலேயே துல்லியம் ஒரு ரகம், வேகம் ஒரு ரகம் என்று அடுக்கி வைக்க வேண்டும், வேண்டியவர் வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். யோசனை சொல்லியாயிற்று. கடை திறக்கத்தான் பல வருஷம் ஆயிற்று.

அப்படித் திறந்த கடைகளில் ஒன்றின் பெயர்ப்பலகை தமிழ்நாட்டுக்காரர்களுடையது. தென்காசிப் பக்கம் இன்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் 'சோஹோ' என்ற பெயர் தெரியும். 2011-ல் தென்காசியில் அலுவலகம் போட்டு, பிறகு மத்தளம்பாறையில் வளாகமாக வளர்ந்து, சோஹோ டெஸ்க் என்ற தயாரிப்பை இங்கிருந்தே உருவாக்கிய கம்பெனி. அது 1996-ல் பிறந்தபோது உதிரிப்பாகக் கடையாகத்தான் பிறந்தது என்பது அத்தனை பேருக்கும் தெரிந்திருக்காது. அட்வென்ட்நெட் என்ற பெயரில் அது விற்ற முதல் சரக்கு, எஸ்என்எம்பி என்ற நெறிமுறைக்கு ஜாவாவில் எழுதிய நிரல் தொகுப்பு. நெட்வொர்க்கில் இருக்கிற ரூட்டர், சுவிட்ச் போன்ற பெட்டிகளிடம் 'சவுக்கியமா, எவ்வளவு பாரம் ஓடுகிறது' என்று விசாரிப்பதற்கான பொதுமொழி எஸ்என்எம்பி. 1988-ல் வெளிப்படையான ஆவணமாக வந்தது. படித்துவிட்டு யார் வேண்டுமானாலும் அதற்கு நிரல் எழுதிக்கொள்ளலாம், யாருக்கும் கப்பம் கட்ட வேண்டாம்.

யாரும் எழுதிக்கொள்ளலாம் என்றால் அட்வென்ட்நெட்டிடம் காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? இந்தக் கேள்விக்குள்தான் இந்தக் கட்டுரையின் பாதி இருக்கிறது. பெட்டி செய்கிற கம்பெனிக்கு அந்த நிரலை எழுத ஆள் ஒதுக்க வேண்டும், சோதிக்க வேண்டும், அடுத்த பதிப்பு வந்தால் திருத்த வேண்டும், ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பழுதானால் யாரோ எழுந்து பார்க்க வேண்டும். விலை அதற்குத்தான். நெறிமுறைக்கு விலை இல்லை, அதைப் பழுதில்லாமல் செய்துகொடுக்கிற கைக்கு விலை. இதில் ஒரு சின்ன முரண் வேறு. நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, 1994-ல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு வேலைக்குப் போன இடம் குவால்காம். உலகத்துக் கைபேசிகளிடமெல்லாம் காப்புரிமைத் தொகை வாங்கி வளர்ந்த நிறுவனம் அது. அந்த வாசலிலிருந்து வந்தவர் நடத்திய கடை, திறந்த நெறிமுறையின் மேல் உழைப்பை விற்றது.

எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடலாம். 'பாட்டி வடை சுட்டாள், காக்கா வடை திருடியது' என்ற கதையைத் தந்தியில் அனுப்ப வேண்டும், எழுத்துக்கு இவ்வளவு காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிக்காரர் 'வடை' என்ற சொல்லுக்கு ஓர் எண் கொடுத்துவிடுவார். அடுத்த தடவை வடை வரும்போது எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். திரும்பத் திரும்ப வருவதை அகராதியில் சேர்த்து எண்ணாக மாற்றுகிற இந்த உத்தியின் ஒரு வடிவத்தை டெர்ரி வெல்ச் 1984-ல் பத்திரிகையில் வெளியிட்டார். எல்இசட்டபிள்யூ என்று பெயர். 1985 டிசம்பரில் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அது பிறகு யூனிசிஸ் கம்பெனியின் கைக்கு வந்தது. இதற்கிடையே 1987-ல் கம்ப்யூசர்வ் என்ற நிறுவனம் ஜிஃப் படக் கோப்பை வடிவமைத்தபோது அந்த உத்தியை உள்ளே வைத்துவிட்டது, காப்புரிமை இருப்பது தெரியாமலே. ஜிஃப் உலகம் முழுக்கப் பரவியது. 1994 கடைசியில் யூனிசிஸ் கை நீட்டியது: ஜிஃப் எழுதும் மென்பொருள் செய்கிறவர்கள் உரிமம் வாங்க வேண்டும். நிரலர்கள் கொதித்துப்போய், அந்த உத்தியே இல்லாத பிஎன்ஜி என்ற வேறொரு படக்கோப்பை உருவாக்கினார்கள். அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூனில் காலாவதியானது.

இங்கே யாரும் யாருடைய நிரலையும் நகல் எடுக்கவில்லை. தன் அடுப்பில், தன் எண்ணெயில், தன் கையால் வடை சுட்டவரிடமும் 'வடையின் நடுவில் ஓட்டை போடுவது எங்கள் உரிமை' என்று வந்து நிற்கலாம் என்பதுதான் மென்பொருள் காப்புரிமை. பதிப்புரிமை அப்படியல்ல. அது எழுதிய எழுத்தை மட்டும் காக்கும். அதே காரியத்தைச் செய்ய நீங்கள் உங்கள் சொற்களில் எழுதிக்கொண்டால் குறுக்கே வராது. தமிழ்ச் செய்தித்தாள்கள் இரண்டையும் 'காப்புரிமை' என்று ஒரே சொல்லால் எழுதிவிடுகின்றன. குழப்பத்தில் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மீதிப் பாதி மென்பொருளின் சுபாவத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க சங்கரன்கோவிலுக்குப் போகலாம், கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரம்தான். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகங்கள். சங்கனுக்குச் சிவன் பெரியவர், பதுமனுக்குத் திருமால் பெரியவர். வழக்கு முற்றி அம்பாளிடம் போகிறது. கோமதி அம்மன் தவமிருக்க, இறைவன் சங்கரநாராயணராக ஒரே உருவில் வந்து நிற்கிறார். வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். ஆடித் தபசு அந்தக் கதையின் திருவிழா. அந்தச் சன்னதியில் துளசித் தீர்த்தமும் உண்டு, விபூதியும் உண்டு. அபிஷேகத்துக்கு மட்டும் ஸ்படிக லிங்கம். அபிஷேகப் பிரியருக்கும் அலங்காரப் பிரியருக்கும் ஒரே உடம்பு கிடைத்தால் என்ன செய்வது என்ற சிக்கலுக்கு அர்ச்சகர்கள் கண்டுபிடித்த வழி.

மென்பொருளும் அப்படி ஓர் உருவம். திரையில் விரித்துப் பார்த்தால் எழுத்து. ஓட விட்டால் இயந்திரம். எழுத்தென்றால் பதிப்புரிமை, இயந்திரமென்றால் காப்புரிமை. வழக்கறிஞர்கள் சங்கனும் பதுமனுமாக ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டு ஐம்பது வருஷமாக இழுக்கிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்ற வகையில் வைத்திருக்கிறது. சட்டத்தின் கண்ணில் ரூட்டரிடம் சவுக்கியம் விசாரிக்கிற நிரலும் சீறாப்புராணமும் ஒரே அலமாரி. சிரிப்பு வரலாம். ஆனால் அந்த வகைப்படுத்தலில் ஒரு நல்ல புத்தி இருக்கிறது. புலவன் பாட்டுக்குச் சொந்தக்காரன், யாப்புக்கு இல்லை. விருத்தத்தில் பாடுவதற்கு யாரும் யாருக்கும் கட்டணம் கட்டியதில்லை.

இயந்திரப் பாதிக்கு வந்தால், இந்தியாவின் காப்புரிமைச் சட்டத்துக்கு அடித்தளம் போட்டவர் ஒரு தமிழ் நீதிபதி. என்.ராஜகோபால அய்யங்கார் 1959-ல் கொடுத்த அறிக்கைதான் 1970-ம் ஆண்டுச் சட்டமாக உருவெடுத்தது. இந்தியாவில் பதிவான காப்புரிமைகளில் பெரும்பகுதி வெளிநாட்டவர் கையில் இருக்கிறது, அவற்றில் பெரும்பாலானவை இங்கே பொருளாகத் தயாராவதே இல்லை என்பதை அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். காப்புரிமை என்பது இயற்கை தந்த பிறப்புரிமை அல்ல, நாட்டுக்குப் பயன் வரும் என்ற நிபந்தனையில் அரசு தருவது என்பது அந்த அறிக்கையின் முதுகெலும்பு. 2002-ல் வந்த திருத்தம் அந்தச் சட்டத்தில் 3(கே) என்ற உட்பிரிவைச் சேர்த்தது: கணித முறை, வணிக முறை, தன்னளவிலான கணினி நிரல், அல்காரிதம் ஆகியவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவிடப் பார்த்தது. 2005-ல் நாடாளுமன்றம் அந்தத் திறப்பை ஏற்கவில்லை. அதே வருஷம் ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் மென்பொருள் காப்புரிமை வரைவை 648-க்கு 14 என்ற வாக்கில் தூக்கிப்போட்டது.

ஆனால் 'தன்னளவில்' என்ற ஒரு சொல் 3(கே)-யில் உட்கார்ந்திருக்கிறதே, அது சும்மா இருக்குமா? தன்னளவில் நிரல் என்றால் எது, தன்னளவைத் தாண்டிய நிரல் என்றால் எது? 2015 ஆகஸ்டில் காப்புரிமை அலுவலகம் ஒரு வழிகாட்டுநெறி வெளியிட்டது, டிசம்பரில் நிறுத்திவைத்தது. 2016 பிப்ரவரியில் புதிய வன்பொருளும் கூட இருந்தால்தான் உண்டு என்றது, 2017 ஜூனில் அதையும் எடுத்துவிட்டது. 2019-ல் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவு இருந்தால் நிரல் சார்ந்த கண்டுபிடிப்பையும் பரிசீலிக்க வேண்டும் என்றது. அர்ச்சகர்கள் ஸ்படிக லிங்கத்தை வைத்தார்கள். சட்டம் இன்னும் தன் லிங்கத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது.

சட்டத்தால் முடியாததைத் தத்துவத்திடம் கேட்டுப் பார்க்கலாம். தமிழ்ப் பேச்சில் 'கண்டுபிடிப்பு' என்று ஒரே சொல். கொலம்பஸ் கண்டதும் கண்டுபிடிப்பு, எடிசன் செய்ததும் கண்டுபிடிப்பு. ஏற்கெனவே இருந்ததைப் பார்ப்பதற்கும், இல்லாததை உண்டாக்குவதற்கும் பேச்சு வழக்கு தனித்தனிச் சொல் வைத்துக்கொள்ளவில்லை. இது சோம்பல் என்று அகராதிக்காரர்கள் சொல்லலாம். சைவ சித்தாந்தி சொல்ல மாட்டார். அவருக்கு இல்லாதது தோன்றவே தோன்றாது. பானை மண்ணுக்குள் இருந்தது, குயவன் வெளிக்கொண்டு வந்தான். சற்காரியவாதம் என்று இதற்குப் பெயர். நியாய மரபினர் இதை ஒப்புவதில்லை. பானை முன்பு இல்லை, இப்போது இருக்கிறது, எனவே புதிது என்பார்கள். உலகத்துக் காப்புரிமைச் சட்டங்கள் அத்தனையும், தெரிந்தோ தெரியாமலோ, நியாய மரபின் பக்கம். 'இதற்கு முன் இல்லை' என்று நிரூபித்தால்தான் முத்திரை.

மென்பொருளில் இந்த வாதம் வெறும் வித்துவச் சண்டையாக இருக்கவில்லை. 1972-ல் காட்ஷாக்–பென்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்தது, எண்களை ஒரு வடிவத்திலிருந்து இருமத்துக்கு மாற்றும் ஒரு முறை. அதற்குக் காப்புரிமை கொடுத்தால் கணித உண்மைக்கே சொந்தம் கொடுத்ததாகிவிடும் என்று நீதிமன்றம் மறுத்தது. சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டார் அந்த நீதிபதிகளின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எண்களுக்கிடையே உள்ள உறவு மண். அது யார் வீட்டு மண்ணும் அல்ல.

சித்தாந்தம் அத்தோடு நிற்பதில்லை. மண் முதற்காரணம், திரிகையும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மூன்றும் இல்லாமல் பானை இல்லை. எல்லாம் மண்ணிலேயே இருந்ததென்று சொல்லிக் குயவனைப் பட்டினி போட இந்தக் கணக்கில் இடமே கிடையாது. நிமித்தனுக்குரியது நிமித்தனுக்கு. கேள்வி, அவனுக்குரியது எதுவரை? இந்தப் பானை அவனுடையது. விற்கலாம், வாடகைக்கு விடலாம், உடைக்கலாம். பக்கத்துத் தெருக் குயவன் தன் மண்ணில் வனைந்த பானையின் வாய் வட்டமாக இருப்பதற்கு இவன் பங்கு கேட்க முடியுமா என்பதில்தான் காப்புரிமை தள்ளாடுகிறது. பானைக்குப் பதிப்புரிமை போதும் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. வட்டத்துக்கு உரிமை கேட்பது மண்ணைப் பட்டாப் போடுவது.

கடையநல்லூரில் பல பேருக்கு மெய்கண்டாரைவிட ஃபிக்ஹு என்ற இஸ்லாமியச் சட்டவியல் பக்கத்தில் இருக்கிறது, அங்கும் இதே சண்டை நடந்திருக்கிறது. பழைய ஹனஃபி அறிஞர்களுக்குச் சொத்து என்றால் கையில் பிடிக்கவும் சேமித்து வைக்கவும் முடிகிற பொருள். வெறும் பயன்பாட்டையே சொத்தென்று ஷாஃபி மரபினர் ஏற்றார்கள், ஹனஃபிகள் தயங்கினார்கள். இந்த அளவுகோலில் எண் வரிசைக்கு எங்கே இடம்? அறிவைக் கேட்டவரிடம் மறைப்பது பாவம் என்ற நபிமொழி எச்சரிக்கை ஒரு புறம், உழைத்தவரின் கூலியை வியர்வை காய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்ற கட்டளை மறுபுறம். தேவ்பந்த் மரபின் பெரிய முஃப்தி முகம்மது ஷஃபி பதிப்புரிமையை விற்பது கூடாது என்ற பக்கம் நின்றார். அவருடைய மகன் தகி உஸ்மானி கூடும் என்ற பக்கம் வந்தார். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாசிரியரின் உரிமையையும் கண்டுபிடிப்பாளரின் உரிமையையும் ஷரீஅத் பாதுகாக்கும் சொத்துரிமைகளாக ஏற்றுத் தீர்மானம் போட்டது. ஒரே வீட்டில் தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில் அச்சு இயந்திரமும் புத்தகச் சந்தையும் புகுந்து போயிருக்கின்றன. தீர்ப்பு மாறியதில் வியப்பில்லை.

இந்த விவகாரத்தில் எல்லா மேடையிலும் வந்து நிற்பவர் ராமானுஜர். பதினெட்டு முறை நடந்து, திருக்கோட்டியூர் நம்பியிடம் எட்டெழுத்தின் பொருளை வாங்கி, யாருக்கும் சொல்லாதே என்ற வாக்கை மீறிக் கோபுரத்திலேறி ஊருக்குச் சொன்னவர். திறந்த மூல மென்பொருள் கூட்டங்களில் இவரைக் குலதெய்வமாகவே ஆக்கிவிட்டார்கள். கொஞ்சம் நின்று பார்த்தால் உவமை சரியாகப் பொருந்தவில்லை. நம்பி கேட்டது ரகசிய ஒப்பந்தம், தொழில் ரகசியம் என்று இன்று சொல்கிறோமே, அது. காப்புரிமை அதற்கு நேர் எதிர். பேடண்ட் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கே 'திறந்திருப்பது' என்றுதான் பொருள். ரகசியத்தை ஊரறிய எழுதிக் கொடு, 20 வருஷம் உனக்கு ஏகபோகம், அப்புறம் எல்லாருக்கும் என்பது அதன் பேரம். சித்த மருத்துவத்தில் பரிபாஷை என்று குறிச்சொல்லால் மறைத்து, கடைசியில் மறைத்தவரோடு மருந்தும் போனது உண்டு. அதற்கு இந்தப் பேரம் எவ்வளவோ மேல். மருந்துக்கு இது நியாயமாகக்கூட இருக்கலாம். மென்பொருளில் 20 வருஷம் என்பது மூன்று தலைமுறை. எல்இசட்டபிள்யூ திறந்துவிடப்பட்டபோது அதற்காகக் காத்திருந்தவர்கள் வேறு தெருவுக்குக் குடி போயிருந்தார்கள். போதாததற்கு, மென்பொருள் காப்புரிமை ஆவணங்களில் நிரலையே காட்டாமல் 'ஒரு செயலி ஒரு தகவலைப் பெற்று' என்று பரிபாஷையில்தான் எழுதுகிறார்கள்.

இதற்கெல்லாம் வெளியே, யாரையும் கேட்காமல், நிரலர்கள் தங்களுக்குள் ஒரு தர்மத்தை வகுத்துக்கொண்டார்கள். நம் ஊர்க் கோயில்களில் டியூப் லைட்டில் 'உபயம்' என்று பெயர் எழுதியிருக்கும், வெளிச்சத்தில் பாதியைப் பெயரே மறைத்துக்கொண்டிருக்கும். எம்ஐடி உரிமம் என்பது கிட்டத்தட்ட அதுதான். என் நிரலை எடுத்துக்கொள், மாற்று, விற்று லாபம் பார், உபயதாரர் பெயரை மட்டும் அழிக்காதே. உமறுப் புலவர் சீறாப்புராணத்துக்குள் தன்னை ஆதரித்த அபுல் காசிம் மரைக்காயரின் பெயரை வைத்தாரே, அந்த மரபுதான் திசை திரும்பியிருக்கிறது. அங்கே புலவன் புரவலன் பெயரைக் காத்தான். இங்கே புரவலனாக லாபம் பார்க்கிறவன் புலவன் பெயரைக் காக்க வேண்டும்.

ரிச்சர்டு ஸ்டால்மன் 1989-ல் வெளியிட்ட ஜிபிஎல் உரிமம் உபயத்தோடு நிற்கவில்லை. அது வக்ஃபு. ஒரு தடவை அல்லாஹ்வுக்கென்று எழுதிக் கொடுத்த நிலத்தை யாரும் திரும்பத் தனதாக்கிக்கொள்ள முடியாது, விளைச்சல் மட்டும் பொதுவுக்கு. ஜிபிஎல் நிரலை வைத்து வியாபாரம் செய்யலாம், ஆனால் மாற்றி எழுதி மற்றவருக்குக் கொடுத்தால் அந்த மாற்றமும் அதே வக்ஃபுக்குள் போய்விடும். பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்த குர்ஆன் பிரதியை எத்தனை பேர் ஓதினாலும் அது பள்ளிவாசலுடையதே. நிலம்போல் நிலைத்த பொருளைத்தான் வக்ஃபு செய்ய முடியுமா, புத்தகத்தையும் செய்யலாமா என்று பழைய சட்ட அறிஞர்கள் வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதம் மட்டும் ஸ்டால்மன் காதில் விழுந்திருந்தால் ரசித்திருப்பார்.

தர்மம் பேசியாயிற்று, தர்மகர்த்தாவின் அடுப்பைப் பார்க்க வேண்டும். இணையத்தில் பூட்டுச் சின்னம் தெரிகிற தளங்களில் பெரும்பகுதிக்கு அடியில் இருந்த நிரல் தொகுப்பு ஓபன்எஸ்எஸ்எல். 2014 ஏப்ரலில் அதில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிவந்து உலகமே பதறியபோது, அதைப் பராமரித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர் என்று தெரியவந்தது. வங்கிகள், கடைகள், அரசுகள் எல்லாம் அந்தப் பானையில் தண்ணீர் குடித்தன. குயவன் வீட்டில் விறகு இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. மண்ணைப் பட்டாப் போடுவது அநியாயம் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொள்ளத்தான் வேண்டும்.

காசுக்கு விற்ற கடையும் சுகமாக இருந்துவிடவில்லை. 2000–2001-ல் அமெரிக்க இணைய வீக்கம் வெடித்தபோது நெட்வொர்க் பெட்டி செய்த கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. அவற்றுக்கு உதிரிப்பாகம் விற்ற அட்வென்ட்நெட்டின் வாடிக்கையாளர்களும் கரைந்தார்கள். இது நெசவூர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்டர் வீவருக்கு ஆர்டர் நின்றால் பாவு ஓட்டுகிறவருக்கும் அச்சுப் பிணைக்கிறவருக்கும் அன்றே வேலை நிற்கும். அட்வென்ட்நெட் உதிரிப்பாகத்திலிருந்து முழுத் துணிக்கு மாறியது. கம்பெனிகளின் ஐடி பிரிவுகளே நேரடியாக வாங்கும் மேனேஜ்இன்ஜின் வந்தது, 2005-ல் சோஹோ ரைட்டர் வந்தது, 2009-ல் கம்பெனியின் பெயரே சோஹோ ஆயிற்று. மக்கில்ராய் கனவு கண்ட கடையில் விலைச்சீட்டோடு உட்கார்ந்தவர்கள் பலர் இப்படித்தான் எழுந்து போனார்கள். கடை காலியாகவில்லை, இலவசச் சரக்கால் நிரம்பிவிட்டது.

அந்த இலவசக் கடையில் 2016 மார்ச் 22 அன்று நடந்தது தனிக் கதை. என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் உதிரிப்பாகக் கிட்டங்கியில் அசேர் கோச்சுலு என்பவர் 'கிக்' என்ற பெயரில் ஒரு தொகுப்பு வைத்திருந்தார். அதே பெயரில் செயலி நடத்திய நிறுவனம் வணிகச் சின்னத்தைக் காட்டிப் பெயரைக் கேட்டது. கிட்டங்கிக்காரர்கள் பெயரைப் பிடுங்கிக் கொடுத்தார்கள். கோபத்தில் அவர் தன் 273 தொகுப்புகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவற்றில் ஒன்று லெஃப்ட்பேட். மொத்தம் 11 வரி. ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் வெற்றிடமோ பூஜ்யமோ போட்டு, கேட்ட நீளத்துக்கு நீட்டும். '7' என்பதை '007' ஆக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை அரை மணி நேரத்தில் எழுதிவிடுவாள். ஆனால் யாரும் எழுதவில்லை, எல்லாரும் எடுத்துச் செருகியிருந்தார்கள். செருகியவரைச் செருகியவர், அவரைச் செருகியவர் என்று போன சங்கிலியில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான மென்பொருள் கட்டுமானங்கள் அன்று பாதியில் நின்றன. சுமார் இரண்டரை மணி நேரத்தில் கிட்டங்கிக்காரர்கள், எழுதியவர் திரும்பப் பெற்ற அந்தத் தொகுப்பைத் தாங்களே எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார்கள். அவர் கொடுத்திருந்த உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று எழுதியிருந்தார். கொடுத்த தானத்தைத் திரும்ப வாங்க முடியாது என்பதை எந்த ஆலிமும் எந்தத் தம்பிரானும் சொல்லாமலே நிரலர்கள் அன்று தெரிந்துகொண்டார்கள்.

மறு வருஷம், 2017-ல் வெளியான ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையில் பேட்ஸ்டார்ட் என்ற புதுக் கட்டளை சேர்ந்தது. லெஃப்ட்பேட் செய்த அதே வேலை, இப்போது மொழிக்குள்ளேயே. அந்த முன்மொழிவு சண்டைக்கு முன்பிருந்தே மேசையில் இருந்தது. குயவனின் பானை மண்ணோடு மண்ணாகச் சேர்ந்துவிட்டது என்று ஒரு சித்தாந்தி இதைச் சொல்லக்கூடும். மத்தளம்பாறையிலோ கடையநல்லூரிலோ உட்கார்ந்து நிரல் எழுதும் பெண்ணுக்கு இன்று '7'-ஐ '007' ஆக்க ஒரே சொல் போதும். அதன் பின்னால் யார் பெயரும் இல்லை, உபயமும் இல்லை. பழைய தொகுப்பு இன்னும் கிட்டங்கியில் கிடக்கிறது, இனி பேட்ஸ்டார்ட்டைப் பயன்படுத்துங்கள் என்ற அறிவிப்போடு.